கருவிகள் வைக்கக் குறைந்த செலவில் ஒரு தோட்டக் கொட்டகை: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி இதுதான்: தோட்டத்தின் பின்மூலையில் பத்தடிக்கு எட்டடி இடம் இருக்கிறது. மண்வெட்டி, கடப்பாரை, முள்வாரி, களைக்கொத்து என்று பத்துப் பன்னிரண்டு கைக்கருவிகள், ஒரு புல்வெட்டும் இயந்திரம், ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி, நீர்க்குழாய்ச் சுருள், சில உர மூட்டைகள் ஆகியவற்றை மழையும் வெயிலும் படாமல் வைக்க வேண்டும். கையில் இருக்கும் பணம் குறைவு. தகடு, மரம், பிளாஸ்டிக் ஆகிய மூன்றில் எது மலிவு, எது நீடிக்கும்?

சுருக்கமான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தேவைக்குத் துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டுக் கொட்டகையே போதும். ஆனால் விலை மிகக் குறைந்ததை விட்டு அதற்கு அடுத்த தரத்தில் ஒன்றை, நீங்கள் நினைத்திருப்பதைவிடச் சற்றுச் சிறிய அளவில் வாங்குங்கள். அப்படி மிச்சமாகும் பணத்தைத் தரைக்கும், கொட்டகையைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளுக்கும், காற்றோட்டத்துக்கும் செலவிடுங்கள். நான் பார்த்த மலிவுக் கொட்டகைகளில் பெரும்பாலானவை சுவர் உளுத்து வீழ்ந்தவை அல்ல. கீழிருந்து ஈரம் ஏறியும், கூரையின் உட்புறம் நீர் வியர்த்தும், காற்றில் ஆட்டம் கண்டு கதவு கோணிப்போயும்தான் அவை பயனற்றுப் போயின. இம்மூன்றும் கடையில் வாங்கும்போது கண்ணில் படாதவை என்பதால்தான் வாங்குபவர் தகட்டின் நிறத்தையும் கதவின் அழகையும் ஒப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறார்.

முதலில் அளவு. கொட்டகையை அளப்பதற்கு முன் கருவிகளை அளக்க வேண்டும். உள்ளே வைக்கப்போகும் எல்லாவற்றையும் ஒருநாள் வெளியே எடுத்துத் தரையில் பரப்பி, எவை சுவரில் தொங்கும், எவை தரையில் நிற்கும், எவை அலமாரியில் ஏறும் என்று பிரித்துப் பாருங்கள். நீண்ட கைப்பிடிக் கருவிகள் சுவரில் தொங்கினால் ஒரு சாண் ஆழத்துக்கு மேல் இடம் எடுக்காது. அவற்றையே மூலையில் சாய்த்து வைத்தால் ஒரு ஆள் நிற்கும் இடத்தை விழுங்கிவிடும். தள்ளுவண்டியை நிமிர்த்திச் சுவரோடு சாத்தி வைக்கலாம். முள்வாரியின் கைப்பிடி ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளும் என்பதால், கூரை முகட்டின் உயரத்தைவிட, சுவர் கூரையைத் தொடும் இடத்தின் உயரமே உங்களுக்கு முக்கியம். விற்பனைத் தாளில் பெரும்பாலும் முகட்டின் உயரத்தைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள்.

நீள அகலத்திலும் இதே போன்ற ஒரு நழுவல் உண்டு. ‘ஆறுக்கு எட்டு’ என்று விற்கப்படும் கொட்டகை பல நேரங்களில் கூரை விளிம்புக்கு விளிம்பு அளந்தது. உட்புறத் தரை அதைவிடப் பல அங்குலம் குறைவாக இருக்கும். ஆகவே உள்ளளவு, தரையில் அது எடுக்கும் அளவு, கதவு திறந்த நிலையில் கிடைக்கும் இடைவெளி ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கதவின் இடைவெளியைத் தள்ளுவண்டியின் கைப்பிடி அகலத்தோடு ஒப்பிட்டு, இருபுறமும் கைமுட்டி இடிக்காத அளவு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாசற்படியில் உயர்ந்து நிற்கும் தகட்டு விளிம்பும் கவனிக்கத்தக்கது. எடை ஏற்றிய வண்டி தினமும் அதன்மேல் ஏறி இறங்கினால், மெல்லிய தகடு சில மாதங்களில் நெளிந்துவிடும்.

நடைபாதைக் கணக்கு ஒன்று இருக்கிறது. உள்ளே நுழைந்து எடுக்கும் கொட்டகையில் ஆள் நடக்க இரண்டடி அகலமாவது வேண்டும். ஆறடி அகலமும் எட்டடி ஆழமும் கொண்ட கொட்டகையில் இந்த நடைபாதை 48 சதுர அடியில் 16 சதுர அடி, அதாவது மூன்றில் ஒரு பங்கு. நான்கடி அகலமும் ஆறடி ஆழமும் கொண்டதில் அதே நடைபாதை 24இல் 12, சரிபாதி. கொட்டகை சிறுக்கச் சிறுக்க நீங்கள் காலி இடத்துக்கே பணம் கொடுக்கிறீர்கள் என்று பொருள். அந்தச் சிறிய அளவுக்கு வந்துவிட்டால், உள்ளே நுழையவே தேவையில்லாத அலமாரி வகைக் கொட்டகை சிக்கனமானது: ஆழம் இரண்டரை முதல் மூன்றடி, முன்புறம் முழுவதும் இரட்டைக் கதவு, வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் எடுக்கலாம். புல்வெட்டி இல்லாமல் கைக்கருவிகள் மட்டும் இருந்திருந்தால் உங்களுக்கும் அதையே சொல்லியிருப்பேன். அலமாரி வகையை வீட்டுச் சுவரோடு ஒட்டி வைப்பவர்கள் மட்டும் இடையில் ஒரு கையகலமாவது விட வேண்டும்; ஒட்டிய இடத்தில் தேங்கும் ஈரம் இரண்டு சுவரையும் கெடுக்கும்.

இனிப் பொருளுக்கு வருவோம். தகட்டுக் கொட்டகைகளில் மலிவானவை 0.25 முதல் 0.3 மில்லிமீட்டர் தடிமனில் வரும். நல்லவை 0.5 மில்லிமீட்டரை நெருங்கும். தாளில் தடிமன் எழுதப்படவில்லை என்றால், காட்சிக்கு நிறுத்தியிருக்கும் கொட்டகையின் சுவர் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். தகரடப்பா மூடிபோல ‘டொக்’ என்று உள்ளே போய் வெளியே வந்தால் அது காற்றிலும் அப்படித்தான் ஆடும். தகட்டில் மடிப்பு வரிகள் நெருக்கமாக இருந்தால் அதே தடிமனிலும் விறைப்பு கூடும். மூலைகளில் தனிச் சட்டம் உண்டா, கதவுக்குக் குறுக்கே தாங்கு சட்டம் உண்டா என்பதும் தடிமனுக்கு இணையாக முக்கியம். கதவுதான் முதலில் தளரும் உறுப்பு.

தடிமனைவிட ஆயுளைத் தீர்மானிப்பது பூச்சு. துத்தநாகப் பூச்சை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று குறிப்பார்கள். இந்த எண் தகட்டின் இரு பக்கங்களையும் சேர்த்தது. 275 கிராம் என்றால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 100 கிராம் என்றால் 7 மைக்ரான் அளவு. ஐ.எஸ்.ஓ. 9223 என்னும் பன்னாட்டுத் தரவரிசை, திறந்த வெளியில் துத்தநாகம் ஆண்டுக்கு எவ்வளவு கரையும் என்பதைச் சூழலுக்கேற்ப வகுக்கிறது. நடுத்தர அரிப்புச் சூழலில் 0.7 முதல் 2.1 மைக்ரான் வரை; கடலுப்போ தொழிற்சாலைப் புகையோ மிகுந்த கடும் சூழலில் 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை. வகுத்துப் பாருங்கள். மேலே வண்ணப்பூச்சு இல்லாத 7 மைக்ரான் தகடு நடுத்தரச் சூழலில் மூன்று முதல் பத்தாண்டு தாங்கும், கடலோரக் காற்றில் ஒன்றிரண்டு ஆண்டுகளிலேயே இரும்பு வெளியே தெரியத் தொடங்கும். 20 மைக்ரான் என்றால் முன்னதில் ஒன்பது ஆண்டுக்குக் குறையாது. வண்ணப்பூச்சு இந்தக் காலத்தை நீட்டும், எனினும் அடியில் இருக்கும் துத்தநாகமே காப்பு. ஆகவே “துருப்பிடிக்காதது” என்ற சொல்லைக் கேட்டு நிறைவடையாமல், பூச்சு எத்தனை கிராம் என்று கேளுங்கள். அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சுள்ள தகடு கிடைத்தால், விலை சற்றுக் கூடினாலும் கடலோரத்தில் இருப்பவர்கள் அதையே எடுப்பது நல்லது.

துத்தநாகத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சிறிய கீறலோ வெட்டு விளிம்போ ஏற்பட்டால், அது இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காக்கும். அதனால் ஓர் இடத்தில் கீறல் விழுந்ததற்காகக் கவலைப்பட வேண்டாம். ஆனால் துளையிடும்போது சிதறும் இரும்புத் தூளை அன்றைக்கே தூரிகையால் துடைத்துவிட வேண்டும். அந்தத் தூள் தகட்டின்மேல் கிடந்து துருப்பிடித்துக் கறையாகி, புதுக் கொட்டகையே துருப்பிடித்துவிட்டதோ என்று எண்ண வைக்கும்.

மரக் கொட்டகைக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. எந்த இடத்திலும் ஒரு ஆணியையோ கொக்கியையோ அறைந்து கருவியைத் தொங்கவிடலாம். ஒரு பலகை கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். தகட்டைப்போல உள்ளே நீர் வியர்ப்பதில்லை. ஆனால் ‘மலிவான மரக் கொட்டகை’ என்பதில் மலிவு பலகையில்தான் செய்யப்பட்டிருக்கும். ஏழெட்டு மில்லிமீட்டர் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி அடித்திருந்தால், வெயிலில் அவை சுருங்கி வளைந்து இடுக்கு விடும். பதினொன்று பன்னிரண்டு மில்லிமீட்டர் தடிமனில், ஒன்றின் நாக்கு மற்றதன் காடியில் பொருந்தும்படி இழைத்த பலகை நெடுநாள் நிற்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். மருந்து ஏற்றிய விதத்தையும் கேட்க வேண்டும். அழுத்தத் தொட்டியில் வைத்து மருந்தை உட்செலுத்திய மரம் வேறு, மருந்தில் முக்கி எடுத்த மரம் வேறு. பின்னதற்கு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை நீங்களே பூச வேண்டும், அந்தப் பூச்சின் செலவையும் ஒரு நாள் உழைப்பையும் ஆண்டுதோறும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். கரையான் உள்ள மண்ணில் மருந்தேற்றாத மரத்தை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. செம்புச் சேர்மம் ஏற்றிய மரத்தில் சாதாரண இரும்புத் திருகுகள் வேகமாக அரித்துப்போகும் என்பதால், தடிப்பாகத் துத்தநாகம் பூசியதோ துருப்பிடிக்காத எஃகோ பயன்படுத்த வேண்டும்.

பிளாஸ்டிக்கைப் பற்றிச் சொல்வதற்குக் குறைவாகவே இருக்கிறது. அது துருப்பிடிக்காது, உளுக்காது, கழுவிவிட்டால் போதும். ஆனால் அதே வலிமைக்குத் தகட்டைவிட விலை கூடுதல். வெயிலில் இரும்பைப்போல ஏறக்குறையப் பத்து மடங்கு விரியும் என்பதால் இணைப்புகள் தளர்வாகவே அமைக்கப்பட்டிருக்கும். சுவரில் கடப்பாரையைத் தொங்கவிட முடியாது. புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் கலக்காத வகை சில கோடைகளில் நொறுங்கத் தொடங்கும். கடலோரத்தில் சிறிய அலமாரி வகைக்கு அது நல்ல தேர்வு. உங்கள் அளவுக்கு அல்ல.

பழைய பொருளில் தானே கட்டிக்கொள்வது எல்லாவற்றிலும் மலிவு, நேரம் இருப்பவர்களுக்கு மகிழ்ச்சியான வேலையும்கூட. ஆனால் மூன்று இடங்களில் எச்சரிக்கை வேண்டும். சரக்கு ஏற்றும் மரத்தட்டுகளில் முத்திரை இருக்கும், ‘எச்.டி.’ என்று இருந்தால் வெப்பத்தால் பூச்சி நீக்கப்பட்டது, ‘எம்.பி.’ என்று இருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுவாயுவால் நீக்கப்பட்டது. முன்னதை மட்டும் எடுங்கள். பழைய கட்டடத்திலிருந்து வரும் சாம்பல்நிறச் சிமெண்ட் ஓடுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். அதை அறுப்பதும் துளையிடுவதும் நுரையீரலுக்குக் கேடு, ஆகவே இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். பச்சை படிந்த பழைய வெளிப்புற மரத்தில் ஆர்சனிக் சேர்ந்த மருந்து ஏறியிருக்க வாய்ப்புண்டு. அதன் துண்டுகளை அடுப்பிலோ குப்பையோடோ எரிக்கக் கூடாது.

இப்போது தரை. பெரும்பாலான தகட்டுக் கொட்டகைகள் தரை இல்லாமலேயே விற்கப்படுகின்றன என்பதும், சுவர்கள் நிற்பது மெல்லிய அடிச்சட்டத்தின் மேல்தான் என்பதும் பிரித்துப் பார்த்த பிறகுதான் பலருக்குத் தெரியவரும். தரை மட்டமாக இல்லையென்றால் அடிச்சட்டம் முறுக்கும், சுவர் கோணும், கதவு அடைக்காது. என் முதல் கொட்டகையில் நான் செய்த பிழை வேறு வகை. நிறைய இடம் இருக்கட்டும் என்று எண்ணிக் கொட்டகையைவிட நாற்புறமும் ஓரடி அகலமாகக் கல் பாவினேன். கூரையிலிருந்து விழுந்த நீர் அந்த ஓரடியில் தேங்கி, அடிச்சட்டத்தின் கீழே புகுந்து, முதல் மழைக்காலத்திலேயே உர மூட்டைகளின் அடியை நனைத்துக் கட்டியாக்கிவிட்டது. தளம் கொட்டகையின் அடியளவுக்குச் சரியாகவோ, அல்லது வெளியே நீளும் பகுதி வெளிப்புறம் சரிந்தோ இருக்க வேண்டும் என்பதை அப்படித்தான் கற்றேன். சுற்றியுள்ள மண்ணைவிடத் தளம் நான்கைந்து அங்குலம் உயர்ந்திருப்பதும் அவசியம்.

எந்தத் தளம் என்பது மண்ணைப் பொறுத்தது. உறுதியான மண்ணில், மேல்மண்ணை அகற்றி, ஜல்லி நிரப்பி இடித்து, அதன்மேல் பாவுகற்கள் பதித்தால் சிறிய கொட்டகைக்குப் போதும், செலவும் குறைவு. களிமண்போல ஈரத்தில் உப்பிக் காய்ந்து வெடிக்கும் மண்ணிலும், பலத்த காற்று வீசும் இடத்திலும் கான்கிரீட்டே மேல். ஆறுக்கு எட்டடித் தளத்துக்கு நான்கங்குலக் கனத்தில் ஏறத்தாழ 0.45 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும், அதன் எடை ஒரு டன்னைத் தாண்டும். அடியில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போட்ட பிறகே கலவையைக் கொட்டுங்கள். இல்லையென்றால் மண்ணின் ஈரம் கான்கிரீட்டின் வழியாகவே மேலே ஏறும். மூலைகள் சதுரமாக இருக்கின்றனவா என்று பார்க்க இந்த அளவுக்கு எளிய வழி இருக்கிறது: ஆறும் எட்டும் பக்கங்களானால் குறுக்களவு சரியாகப் பத்தடி வரவேண்டும், இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்கவேண்டும். மட்டத்தை ரசமட்டத்தால் பாருங்கள்; கண்ணை நம்ப வேண்டாம்.

தளத்தின் எடையைச் சொன்னதற்குக் காரணம் காற்று. வேகம் மணிக்கு 108 கிலோமீட்டர் என்றால், காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 55 கிலோ எடைக்கு நிகராக அழுத்தும். எட்டடி நீளமும் ஆறடி உயரமும் உள்ள ஒரு சுவரில் அது 240 கிலோவை எட்டும். வேகம் பாதியானால் அழுத்தம் கால்பங்காகும். அப்போதும் 60 கிலோ. மெல்லிய தகட்டுக் கொட்டகை முழுவதும் சேர்ந்தே ஐம்பது அறுபது கிலோதான் இருக்கும் என்பதை நினைத்தால், புயலே வரவேண்டாம், ஒரு சூறைக்காற்றுக்கே அது நகரும், கதவு திறந்திருந்தால் கூரையோடு எழும்பும் என்பது புரியும். ஆகவே ஆங்கர் போல்ட்டுகளால் அடிச்சட்டத்தைக் கான்கிரீட்டோடு பிணைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்காதீர்கள். நான்கு மூலைகளிலும் நீண்ட பக்கங்களின் நடுவிலும் தவறாமல் போடுங்கள். பாவுகல் தளமாக இருந்தால் மண்ணுக்குள் ஆழமாக அறையும் இரும்பு முளைகளோடு பிணைக்க வேண்டும். கல்லோடு பிணைத்தால் காற்று கல்லையும் சேர்த்துத் தூக்கும். கதவை, காற்று வழக்கமாக வீசும் திசைக்கு எதிர்முகமாக வைக்காதீர்கள். பனி பொழியும் நாட்டில் இருப்பவர்கள் கூரையின் தாங்குதிறனையும் கேட்டுக்கொள்ள வேண்டும். படிந்து இறுகிய பனி ஓரடி கனம் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டருக்கு 60 கிலோவுக்குக் குறையாது.

தகட்டுக் கொட்டகை வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் “கூரை ஒழுகுகிறது” என்று சொல்வார்கள். பாதி நேரம் அது ஒழுகல் அல்ல, வியர்வை. தெளிந்த வானமுள்ள இரவில் மெல்லிய தகடு தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி குளிர்ந்துவிடும். காற்று 25 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் கொண்டிருந்தால், 21 டிகிரியை ஒட்டிக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியத் தொடங்கும். அதாவது வெறும் நான்கு டிகிரி வேறுபாடு போதும். அப்படிப் படிந்த நீர் விடியற்காலையில் சொட்டி, எண்ணெய் தடவாத மண்வெட்டியின்மேல் விழும். இதைத் தடுக்க, கீழே ஒரு பக்கமும் மேலே எதிர்ப்பக்கமும் காற்றுத்துளைகள் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் காற்று நகராது. துளைகளுக்குக் கம்பிவலை கட்டாயம், சுண்டெலி ஆறு மில்லிமீட்டர் இடுக்கிலேயே நுழைந்துவிடும் என்பதால் வலையின் கண் அதைவிடச் சிறியதாக இருக்கட்டும். கூரையின் உட்புறம் மெல்லிய நுரைத்தாளை ஒட்டுவது செலவு குறைந்த, உடனே பலன் தரும் வேலை. ஈரமான புல்லோடு இயந்திரத்தை உள்ளே தள்ளிவிட்டுக் கதவைப் பூட்டினால், இத்தனை ஏற்பாடும் வீண்தான்.

மழை பெரிதாக இருக்கும் இடத்தில் கூரை விளிம்பில் நீரைத் திருப்பும் தகடு ஒன்றும் வேண்டும். 50 மில்லிமீட்டர் மழைக்கு இந்தச் சிறிய கூரையிலிருந்தே இருநூறு லிட்டருக்கு மேல் நீர் இறங்கும். அது சுவரின் காலடியில் விழுந்து மண்ணைத் தெறிக்கவிட்டால் தகடு முதலில் துருப்பிடிப்பது அங்கேதான். ஒரு பீப்பாயில் பிடித்தால் செடிக்கும் ஆகும்.

உள்ளே வைப்பதிலும் சில விலக்குகள் உண்டு. உரங்களில் உள்ள அம்மோனியம், குளோரைடு உப்புகள் ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை அரிக்கும் என்பதால், பிரித்த மூட்டையை மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் போட்டுத் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். கூடியவரை சிறிய அளவில், அதற்கென்றே செய்த கொள்கலனில், கீழ்க்காற்றுத்துளை உள்ள கொட்டகையில் மட்டும் வைக்கலாம், அதன் அருகே மின்கருவி மின்னேற்றம் நடக்கக் கூடாது. வெயிலில் மூடிக்கிடக்கும் தகட்டறை வெளிக்காற்றைவிட வெகுவாகச் சூடாகும். பெரும்பாலான லித்தியம் மின்கலங்களை 45 டிகிரிக்கு மேல் மின்னேற்றம் செய்யக் கூடாது என்பதால், கருவியைக் கொட்டகையிலும் அதன் மின்கலத்தை வீட்டுக்குள்ளும் வைப்பதே பாதுகாப்பு. கைப்பிடிகளுக்கு ஆளிவிதை எண்ணெய் தடவுபவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல், விரித்துக் காயவைத்து அப்புறப்படுத்த வேண்டும். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. பூச்சிமருந்து இருந்தால் பிள்ளைகளுக்கு எட்டாத பூட்டிய பெட்டியில் இருக்கட்டும்.

பூட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தகட்டைக் கத்தரியால் வெட்ட முடியும் என்னும்போது விலையுயர்ந்த பூட்டு பெரிய பயன் தராது. ஆனால் கீலையும் கொண்டியையும் வெளியிலிருந்து திருப்புளியால் கழற்ற முடியாதபடி, வெளித்தலை உருண்டையாகவும் நட் உட்புறமாகவும் இருக்கும் போல்ட்டுகளால் மாற்றிவிடுங்கள். விலைமிக்க இயந்திரத்தைத் தளத்தில் பதித்த வளையத்தோடு சங்கிலியால் பிணைத்தால், கதவு திறந்தாலும் பொருள் போகாது.

விலையை ஒப்பிடும்போது கொட்டகையின் விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். போக்குவரத்து, தளம், போல்ட்டுகள், உள்ளே அடுக்கும் பலகைகள், கூலி கொடுத்து நிறுத்துவதானால் அந்தக் கூலி ஆகியவற்றைச் சேர்த்து எழுதிப் பாருங்கள். மலிவுக் கொட்டகையில் இவை எல்லாம் சேர்ந்து கொட்டகையின் விலையைத் தொட்டுவிடுவது அரிதன்று. என் கருத்தில், மொத்தப் பணத்தில் பாதிக்குச் சற்று மேல் கொட்டகைக்கு, எஞ்சியது மற்றவற்றுக்கு என்று முதலிலேயே பிரித்துவிடுவது நல்லது. உத்தரவாதத்தின் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். பத்தாண்டு என்று போட்டிருப்பது பல நேரங்களில் தகடு துருவால் ஓட்டை விழுவதற்கு மட்டுமே பொருந்தும், மேற்பரப்புத் துருவுக்குப் பொருந்தாது. தளத்தோடு பிணைக்காமல் வைத்திருந்தால் காற்றுச் சேதத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்றும் எழுதியிருப்பார்கள். எல்லைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும், எந்த அளவுக்கு மேல் அனுமதி வேண்டும் என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் தளம் போடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். கான்கிரீட்டை நகர்த்த முடியாது.

ஆக, உங்கள் பட்டியலுக்கு ஆறடி அகலமும் ஐந்து அல்லது ஆறடி ஆழமும் கொண்ட தகட்டுக் கொட்டகை போதும். எட்டடி ஆழம் தேவையில்லை. நீண்ட கருவிகள் ஒரு சுவரில், அலமாரி எதிர்ச்சுவரில், தள்ளுவண்டி பின்சுவரோடு நிமிர்ந்து, புல்வெட்டி கதவோரம். தகட்டில் நேரடியாகக் கொக்கி மாட்டினால் தகடு இழுபடும் என்பதால், சட்டத்திலிருந்து சட்டத்துக்குக் குறுக்குப்பலகை ஒன்றைப் போல்ட் போட்டு, கொக்கிகளை அந்தப் பலகையில் அடியுங்கள். வெளிர்நிறம் கிடைத்தால் அதையே எடுங்கள், சூடு குறையும். நிறுத்தும் வேலையைக் காற்றில்லாத நாளில், இரண்டு பேராக, கையுறையோடு செய்யுங்கள். வெட்டு விளிம்புகள் கத்திபோல் இருக்கும். பெட்டியைப் பிரித்தவுடன் உறுப்புகளைக் கையேட்டின் பட்டியலோடு எண்ணிச் சரிபாருங்கள். பாதி நிறுத்திய கொட்டகையை ஒரு சட்டம் குறைகிறது என்று இரவில் விட்டுவைப்பது ஆபத்து. திருகுகளை எல்லாம் முதலில் தளர்வாகவே போட்டு, குறுக்களவுகள் ஒத்துவந்த பிறகு இறுக்குங்கள். கூரைத் திருகுகளுக்கு ரப்பர் வாஷர் விடுபடக் கூடாது. முடித்ததும் நண்பகல் வெயிலில் உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை ஐந்து நிமிடம் நில்லுங்கள். காற்றுத்துளைகளைத் தவிர எங்கெல்லாம் வெளிச்சப் புள்ளி தெரிகிறதோ, அங்கெல்லாம் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு, வெயில் தாழ்ந்த பிறகு சிலிகான் பசையால் அடைத்துவிடுங்கள்.